முழு சார்ஜில் ராம்பொடை இறக்கம்: பிளக்-இன் ஹைபிரிட் ரீஜென் அனுபவங்கள்

ஏழாம்_வளைவு:
நுவரெலியாவில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட ப்ரியஸ் பிஎச்வி (டொயோட்டாவின் பிளக்-இன் ஹைபிரிட்), ராம்பொடைப் பக்கம் கொஞ்சம் இறங்கியதும் உறுமத் தொடங்கும். ஆக்சிலேட்டரில் காலே இருக்காது. ஏதோ உடைந்துவிட்டதென்று ஓரங்கட்டுகிறார்கள். கோளாறு இல்லை. பேட்டரியில் இடமில்லை, அவ்வளவுதான். வேகம் குறையும்போது சக்கரம் தரும் மின்சாரத்தை (இதுதான் ரீஜென்) என்ஜினோடு இணைந்த எம்ஜி1 மோட்டார் வாங்கி, பெட்ரோல் நிறுத்தப்பட்ட என்ஜினைச் சும்மா சுழற்றிச் செலவழிக்கிறது.

ஆட்களோடு 1,650 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 4.5 யூனிட் (kWh) ஆற்றல். டயரும் காற்றும் இன்வெர்ட்டரும் எடுத்தது போக மிச்சம்தான் பேட்டரிக்கு. 2017 மாடலின் மொத்தப் பேட்டரியே 8.8 யூனிட். 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக்கை, சார்ஜ் நிறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கழற்றினால் சுமார் 2 யூனிட் இடம் கிடைக்கும். பிறகு எந்நேரமும் ‘பி’ (B, என்ஜின் பிரேக்) கியரில் ஓட்டுங்கள், சார்ஜ் கூடும்.

சாம்பல்_டிஸ்க்:
கடைசி வரி பிழை அண்ணே. மிதமாகப் பிரேக் பெடலை மிதித்தாலும் முதலில் மோட்டார்தான் பிடிக்கும். போதாததைத்தான் பிரேக் பேட் ஏற்கும். வழக்கமான ‘டி’ (D) கியரில் வருவதைவிட ‘பி’யில் கூடுதலாக ஒன்றும் வராது. எச்வி (ஹைபிரிட்) முறையில் ‘பி’ போட்டால் என்ஜினையும் இழுத்துச் சுற்றும், அது நட்டம். பேட்டரி நிறைந்த நீண்ட இறக்கத்தில் பேட் சூடேறாமல் காக்கத்தான் ‘பி’. மிட்சுபிஷி அவுட்லேண்டரில் கதையே வேறு: அங்கே பி0 முதல் பி5 வரை ஸ்டியரிங் துடுப்பால் மாற்றுவது ரீஜென் அளவை.

குழி_வேட்டை:
நீங்கள் இருவரும் இறக்கத்திலேயே நிற்கிறீர்கள். சமதரையில் லேசாகப் பிரேக் பிடித்தபடி ஒரு குழியில் சக்கரம் விழும்போது, வண்டி ஒரு கணம் முன்னே நழுவுமே, அதுதான் மறக்காதது. சக்கரம் வழுக்குவதாக ஏபிஎஸ் நினைக்கிறது, ரீஜெனை உடனே துண்டிக்கிறது, எண்ணெய் அழுத்தம் அந்த இடத்தை நிரப்பச் சற்று நேரம் எடுக்கிறது. 2010 பெப்ரவரியில் டொயோட்டா மூன்றாம் தலைமுறை ப்ரியஸைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றியது இதற்காகத்தான். நழுவும்போது காலை எடுக்காதீர்கள், இன்னும் அழுத்துங்கள்.

கிரீஸ்_டப்பா:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரீஜென் வண்டியில் பேட் அவ்வளவாகத் தேயாது, டிஸ்க்தான் துருப்பிடிக்கும். அதிலும் மழைக்குப் பிறகு நிறுத்திவைத்த பின்சக்கர டிஸ்க். காலிப்பர் (பேட்களை டிஸ்கில் அழுத்தும் பகுதி) நகரும் சிலைடர் பின் இறுகினால் உள்பேட் தேய்ந்து வெளிபேட் புதிதாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே தெரியும். வருடம் ஒருமுறை பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகோன் பிரேக் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். துருவை உரிக்க, ஆளில்லாத சமதரையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ‘என்’னுக்கு (N, நியூட்ரல்) மாற்றி நாலைந்து தடவை பிரேக் பிடியுங்கள், ‘என்’னில் ரீஜென் கிடையாது, பேட் மட்டுமே வேலை செய்யும். இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது.

காலிப்பரில் கை வைக்குமுன் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ப்ரியஸில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும். பேட் இல்லாத நேரம் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடலை மிதித்து மிதித்து எடுக்கிற பழைய முறை போதாது, ஸ்கேனர் இருக்கிற கராஜுக்குத்தான் போகவேண்டும்.