கிளிமஞ்சாரோ: மராங்கு 5 நாளா, மச்சாமே 7 நாளா? (தண்டையார்பேட்டையிலிருந்து மூன்று பேர்)

டோல்கேட்காரன்:

வணக்கம். வர்ற ஜனவரி கடைசியில் டான்சானியாவில் இருக்கிற கிளிமஞ்சாரோ மலை ஏறலாம்னு மூணு பேர் முடிவு பண்ணியிருக்கோம். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை ஆளுங்க. வயசு 34, 38, 52. அந்த 52 வயசு அண்ணனுக்கு சுகர் இருக்கு; மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான், ஊசி கிடையாது. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறியிருக்கோம். அதுக்கு மேல உயரம் பார்த்ததில்லை.

கையில் மூணு கொட்டேஷன் இருக்கு. மராங்கு பாதை 5 நாள், ஆளுக்கு 1150 டாலர். மச்சாமே பாதை 7 நாள், 1350 டாலர். இன்னொரு கம்பெனி அதே மச்சாமே 7 நாளுக்கு 2100 கேக்குறாங்க. ஒரே மலை, ஒரே பாதை, எதுக்கு 750 டாலர் வித்தியாசம்? மராங்குவில் டென்ட் இல்லாம குடில்லயே தூங்கலாம், பாதையும் சுலபம்னு சொல்றாங்க. அதையே எடுத்துடலாமா? மலைநோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போடணுமா? நம்ம ஏரியா முழுக்கத் தட்டை, எங்கே பயிற்சி எடுக்கிறது?

உஹுரு5895:

மராங்கு 5 நாள் வேண்டாம். பாதை சுலபம் என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஆளைத் திருப்பி அனுப்புவது பாதை இல்லை, உயரம். கணக்கைப் பாருங்க: முதல் இரவு மண்டாரா 2720 மீட்டர், இரண்டாவது ஹொரொம்போ 3720, மூன்றாவது கிபோ 4720. அன்றைக்கு நள்ளிரவே எழுப்பி 5895 மீட்டர் உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். 3000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பாலபாடம். இங்கே தினமும் ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது.

மச்சாமே 7 நாளில் ஏறும்போது தங்கும் இரவுகள் இப்படி: மச்சாமே முகாம் சுமார் 2900, ஷிரா சுமார் 3800, பர்ராங்கோ 3950, கரங்கா 4000, பராஃபு 4670. மூன்றாம் நாள்தான் முக்கியம். ஷிராவிலிருந்து லாவா டவர் வரை, அதாவது 4600 வரை ஏற்றி, சாப்பாடு போட்டு, மறுபடி 3950க்கு இறக்கித் தூங்க வைப்பார்கள். உயரத்தில் நடந்து தாழ்வில் தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் வழி. அன்றைக்குத் தலைவலி வருவது சகஜம், பர்ராங்கோ இறங்குவதற்குள் பெரும்பாலும் விட்டுவிடும்.

மச்சாமேயிலும் 6 நாள் என்று ஒன்று விற்பார்கள். அதில் கரங்கா இரவு வெட்டப்படும். காலையில் பர்ராங்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறையைக் கையூன்றி ஏறி, நேரே பராஃபு போய், நாலைந்து மணி நேரம் படுத்துவிட்டு உச்சிக்குக் கிளம்ப வேண்டும். மிச்சமாகும் ஒரு நாள் காசு அந்த ராத்திரியில் கரைந்துவிடும். லெமோஷோ என்ற இன்னொரு பாதை 8 நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மேற்கிலிருந்து மெதுவாக ஏறி லாவா டவர் பக்கம் இதே பாதையில் சேர்கிறது.

வெள்ளியங்கிரி கால் பலத்துக்குச் சான்று, அவ்வளவுதான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர். மச்சாமேயில் முதல் நாள் டென்ட் அடிக்கும் இடமே அதைவிட மேலே.

பாரிமுனைக் கணக்கு:

அந்த 750 டாலர் எங்கே போகிறது என்று பார்ப்போம் தலைவா. கைடு இல்லாமல் அந்த மலையில் ஏற அனுமதி கிடையாது, தேசியப் பூங்காக் கட்டணத்தில் பேரமும் கிடையாது. வெளிநாட்டவருக்கு நாள் ஒன்றுக்கு 70 டாலர், முகாம் இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் ஒருமுறை 20. 7 நாள், 6 இரவுக்கு 490 + 300 + 20 = 810. மேலே 18 சதவீதம் வரி. கிட்டத்தட்ட 955 டாலர் அரசாங்கத்துக்கே போய்விடும். கட்டணம் அவ்வப்போது மாறும், பணம் கட்டும் முன் அன்றைய நிலவரம் பாருங்க.

1350இல் 955 போனால் மிச்சம் 395. மூன்று பேருக்கு 1185. மூன்று பேர் குழுவுக்குக் கைடு, துணைக் கைடு, சமையல்காரர், போர்ட்டர்கள் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 12 ஆள் வருவார்கள். 12 ஆள், 7 நாள், ஆக 84 ஆள்கூலி. தலைக்கு ஒரு நாளைக்கு 14 டாலர். அந்தப் பதினாலுக்குள்தான் உங்க சாப்பாடு, கேஸ், வேன், ஹோட்டல், கம்பெனி லாபம் எல்லாம் அடங்கணும். அப்புறம் கூலி எங்கிருந்து வரும்? போர்ட்டர் வயிற்றில் அடித்துத்தான் அந்த விலை நிற்கிறது. மராங்கு 1150ஐயும் இப்படியே போட்டுப் பாருங்க. அங்கே முகாமுக்குப் பதில் குடில், இரவுக்கு 60 டாலர்.

இது தர்ம நியாயம் மட்டுமில்லை, உங்க பாதுகாப்பும்தான். ஆள் குறைந்தால் ஒருத்தர் தலையில் சுமை கூடும், டென்ட் லேட்டாக வரும், நீங்க மழையில் நனைந்துகொண்டு நிற்பீங்க. கம்பெனிக்காரரிடம் எழுத்தில் கேளுங்க: மூணு பேருக்கு எத்தனை கைடு? உச்சி ராத்திரியில் ஒருத்தர் இறங்க வேண்டி வந்தால் அவரோடு யார் போவது, மற்ற இருவரோடு யார் நிற்பது? போர்ட்டருக்கு மூன்று வேளை சாப்பாடும் தூங்க டென்டும் உண்டா? கிளிமஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் என்ற அமைப்பின் பங்காளிப் பட்டியலில் கம்பெனி பெயர் இருக்கா? வழவழா கொழகொழா பதில் வந்தால் விட்டுடுங்க.

டிப்ஸ் தனி. ஆளுக்கு 200 முதல் 300 டாலர் ஒதுக்குங்க. கடைசி நாள் எல்லார் முன்னாடியும் யாருக்கு எவ்வளவு என்று சொல்லி அவரவர் கையில் கொடுப்பது நல்லது. 2006க்கு முன் அச்சான டாலர் நோட்டை அங்கே வாங்க மாட்டாங்க, இங்கே மாற்றும்போதே வருஷத்தைப் பார்த்து வாங்குங்க.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத் திரும்பினால் சென்னை ஏர்போர்ட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். உங்களுக்குப் பக்கம் ராஜாஜி சாலைத் துறைமுக சுகாதார அலுவலகம், இல்லாட்டி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். முன்பதிவு பண்ணிட்டுப் போங்க. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

மருந்துச்சீட்டு:

டயமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் கோளாறு, அதன் தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். விரல் நுனி, உதடு குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா சப்பென்று இருக்கும். இதெல்லாம் தெரியாமல் மலையில் முதன்முறை போட்டால் எது மருந்தின் விளைவு, எது மலைநோய் என்றே பிரிக்க முடியாது.

52 வயது நண்பர் விஷயம் வேறு. மெட்ஃபார்மினோடு அசிட்டசோலமைடு சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூட வாய்ப்பு உண்டு. இரண்டையும் சேர்ப்பதா, அளவை மாற்றுவதா என்பதை அவருடைய டாக்டர் சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை. சர்க்கரை பார்க்கும் மெஷினும் ஸ்ட்ரிப்பும் கடுங்குளிரில் எர்ரர் காட்டும். உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் வரும் தள்ளாட்டம், தலைவலி, குழப்பம் எல்லாமே மலைநோய் போலவே இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். இந்த ஏற்பாட்டைக் கைடிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது இது. தலைவலி, குமட்டல், பசியின்மை: அதற்கு மேல் ஏறாமல் நின்று பாருங்கள், குறையவில்லை என்றால் இறங்குங்கள். நேர்க்கோட்டில் ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னால் குடித்தவர் போலத் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா: மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமலில் நுரை வருகிறதா: நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. ராத்திரியானாலும் உடனே கீழே. டயமாக்ஸ் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே கூடவே கூடாது.

இரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும்.

டோல்கேட்காரன்:

ரொம்ப நன்றி. 5 நாளைத் தூக்கிப் போட்டாச்சு. மராங்குவே 6 நாள் எடுத்தா பரவாயில்லையா? பயிற்சியும் உச்சி ராத்திரி உடுப்பும் யாராவது சொல்லுங்க.

மாடிப்படி:

மராங்கு 6 நாளில் ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவீங்க. 5 நாளுக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் போன வழியே திரும்புற பாதை, லாவா டவர் மாதிரி ஏற்றி இறக்குற நாள் வலுவா அமையாது. என் ஓட்டு மச்சாமே 7க்குத்தான்.

பயிற்சிக்கு ஹவுசிங் போர்டு படிக்கட்டு போதும் பாஸ். நாலு மாடி ஏறினால் சுமார் 12 மீட்டர். ஐம்பது தடவை ஏறினால் 600. பராஃபுவிலிருந்து உச்சி 1200 மீட்டர் சொச்சம், அதாவது அதே படியில் நூறு தடவை. நாலு மாசம் முன்னாடியே தொடங்குங்க. வாரத்தில் மூணு நாள், முதலில் இருபது தடவை வெறும் கையோட, அப்புறம் பையில் தண்ணி பாட்டிலா அடுக்கி 8 கிலோ வரைக்கும். பயிற்சி முழுக்கப் படி இறங்கவும் செய்யணும். உச்சி தொட்ட அன்றைக்கே 3100 மீட்டரில் இருக்கிற ம்வேகா முகாம் வரை இறங்கணும், கிட்டத்தட்ட 2800 மீட்டர் இறக்கம். முட்டி அங்கேதான் பழி வாங்கும்.

மாசம் ஒரு ஞாயிறு சோளிங்கர், 1305 படி. அப்புறம் சென்ட்ரலில் ரயில் ஏறித் திருப்பதி, அலிபிரி 3550 படி. ஏறிட்டு பஸ் பிடிக்காம நடந்தே இறங்குங்க. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிப் புகைக்குள்ள ஓட்டப் பயிற்சி மட்டும் வேணாம், பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி இடம் பாருங்க. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: இதெல்லாம் காலுக்கும் நெஞ்சுக்கும்தான். உயரத்துக்கு உடம்பைப் பழக்க ஏழு நாள் திட்டம்தான் மருந்து.

ஷூ புதுசா வாங்கினா இரண்டு மாசம் போட்டுத் தேய்ங்க, அதோடதான் படி ஏறணும். பழைய ஷூ பெட்டியில் கிடக்குதுன்னா கவனம். நம்ம கடலோர ஈரத்துல பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துபோகும். பார்க்க நல்லா இருக்கும், நடு மலையில் பெயர்ந்து வரும். வாடகை ஷூவுக்கும் இதே கதை.

உஹுரு5895:

உச்சி ராத்திரி: பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி ஆறு முதல் எட்டு மணி நேர ஏற்றம். காற்றோடு சேர்த்தால் மைனஸ் 15, 20 என்று உறைக்கும். காலுக்குத் தெர்மல், ஃப்ளீஸ் பேன்ட், மேலே காற்றுத் தடுப்புப் பேன்ட். உடம்புக்குத் தெர்மல் இரண்டு, ஃப்ளீஸ், தடித்த டவுன் (பறவை இறகு அடைத்த) ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழை ஜாக்கெட். தலைக்கு நம்ம ஊர் குரங்குக் குல்லாவே போதும். கைக்கு மெல்லிய உள்ளுறையும் தடித்த வெளியுறையும். பருத்தி எதுவும் வேண்டாம், வேர்த்தால் காயாது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் அரை மணியில் வேர்த்து, அந்த ஈரமே பின்னால் உறைய வைக்கும்.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை அன்றைக்கு உதவாது, குழாய் உறைந்துவிடும். அகல வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தடி சாக்ஸுக்குள் விட்டு, தலைகீழாக வையுங்க. பனி மேலே கட்டும், மூடி திறக்க வரும். ஹெட்லாம்ப் புது பேட்டரி, உதிரி பேட்டரி, போன் எல்லாம் நெஞ்சுப் பையில். கடலை மிட்டாய் அந்தக் குளிரில் கல்லாகும், பல் போகும். எள்ளுருண்டையைச் சின்னதாக உடைத்து, பேரீச்சம்பழத்தோடு ஜாக்கெட் பையில் போடுங்க. பசிக்காது, ஆனாலும் மணிக்கு ஒரு வாய்.

கைடு "போலே போலே" என்பார், சுவாஹிலியில் மெல்ல மெல்ல என்று அர்த்தம். அவர் காலடியிலேயே காலை வையுங்க, முந்தாதீங்க. மேலே 15 நிமிடத்துக்கு மேல் நிற்க விடமாட்டார், சண்டை போடாதீங்க.

போர்ட்டரிடம் கொடுக்கும் பை 15 கிலோவுக்குள். ஒரு போர்ட்டருக்கு மொத்தம் 20 கிலோதான், பூங்கா வாசலில் எடை போடுவார்கள். பாலிதீன் கவரில் துணி கட்டி எடுத்துப் போகாதீங்க, 2019 ஜூனிலிருந்து டான்சானியாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். துணிப்பை போதும். இன்சூரன்ஸ் பாலிசியில் மலையேற்ற உயர வரம்பைத் தேடிப் படியுங்க, 6000 மீட்டர் வரை என்று எழுத்தில் இருக்கணும்.