திமிலைதீவு விமானத்தளம்: கையெழுத்துப் போட முதல் ஒரு சொல்

அன்பான அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கையருக்கு,

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மட்டக்களப்புக்கு நேரே ஜெட் வர வேண்டும் என்று கேட்கும் மனுவை நேற்று இரவு படித்தேன். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் அதில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

மட்டக்களப்பில், திமிலைதீவில் இருக்கும் எங்கள் ஓடுபாதை 1,560 மீற்றர். ஏயார்பஸ் 320 அளவு ஜெட் ஒன்று முழுப் பாரத்தோடு எழும்ப 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும். தளத்தைச் சுற்றி வாவியும் வயலும் குடிமனையும்தான். யாருடைய வளவை எடுத்து நீட்டச் சொல்கிறோம்? அங்கே இருப்பது எங்கள் சொந்தக்காரர்.

1958இல் திறந்த தளம் அது. 1983இல் விமானப்படையிடம் போய், 2012இல் சிவில் பக்கம் திரும்பி, 2016இல் புது ஓடுபாதை போட்டு, 2018 மார்ச்சில் உள்நாட்டு விமான நிலையமானது. இவ்வளவு பாடுபட்டுத் திரும்பிய இடத்தை, இருக்கிற அளவிலேயே நன்றாக உழைக்க வைப்போம் என்பதுதான் என் விருப்பம்.

போன முறை அம்மாவைக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானையிலிருந்து செஸ்னா கரவானில் கூட்டிப் போனேன். ஒற்றை எஞ்சின் விமானம். பெட்டியை நிறை பார்த்தார்கள், பிறகு அம்மாவையும் தராசில் ஏறச் சொன்னார்கள். அவ செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையையும் என்னிடம் தந்துவிட்டுத்தான் ஏறினா. ரயிலில் ஓர் இரவு முழுக்க எடுக்கும் பயணம், ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வாவி தெரிந்ததும் என் கையைப் பிடித்தவ, சக்கரம் நிலத்தில் தொடும் வரை விடவில்லை.

அந்தத் தராசில்தான் விசயமே இருக்கிறது. சின்ன விமானத்தில் எரிபொருளும் ஆளும் ஒரே பாரக் கணக்கில் வரும். நூறு லீற்றர் ஜெட் எண்ணெய் கிட்டத்தட்ட 80 கிலோ, அதாவது ஓர் ஆள். திரும்பிப் போகும் எண்ணெயையும் சுமந்துகொண்டு வந்தால் அந்த அளவுக்கு ஆட்களைக் குறைக்க வேண்டும். ஆகவே மனுவில் முதலில் கேட்க வேண்டியது தளத்திலேயே எரிபொருள். அதுவும் இரண்டு வகை: கரவானுக்கு ஜெட் ஏ-1 என்ற ஜெட் எண்ணெய், பிஸ்டன் எஞ்சின் உள்ள பயிற்சி விமானங்களுக்கு நீல நிறத்தில் வரும் விமானப் பெற்றோல். இரண்டாவது இல்லாமல் எங்கள் பிள்ளைகள் ஊரிலேயே விமானம் ஓட்டப் பழகும் பள்ளி ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாது. விமானம் நிறுத்திப் பழுது பார்க்க ஒரு கொட்டகையும் வேண்டும்.

அடுத்தது இரவு. எந்த நேரமும் ஒரு விமானம் இறங்கி ஏறும்படி விளக்கும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தலைக்குள் இரத்தம் கசிந்த அன்று அம்புலன்ஸ் கொழும்பு போய்ச் சேர விடிந்துவிட்டது. 300 கிலோமீற்றருக்கு மேல் றோட்டு. கரவானில் இருக்கைகளைக் கழற்றினால் ஸ்ரெச்சர் வைக்கலாம். இந்த ஒன்றுக்காக மட்டும் என்றாலும் நான் பத்துத் தரம் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்று, ஊரில் இருப்பவர்களே செய்யக்கூடியது. தளத்துப் பக்கம் குப்பை கொட்ட விடாதீர்கள். குப்பைக்குக் காகமும் பருந்தும் வரும். எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் போதும்.

இரத்மலானையில் முதன்முதலில் இறங்கியதும் ஒரு குட்டி விமானம்தான். 1935 நவம்பர் 27இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஓட்டி வந்த ‘புஸ் மொத்’ வகை விமானம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் 2019இல் சென்னையிலிருந்து வந்தது ஏரிஆர் என்ற விசிறி விமானம், ஜெட் இல்லை. சென்னை, திருச்சிக்கு அப்படியொன்று எங்களுக்கும் வரட்டும் என்று மனுவின் கடைசியில் கேட்கலாம்.

சரி, மனுவைத் திருத்தி இதோடு இணைத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் மாமா ஒருவர் திங்கட்கிழமை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார். மாற்றம் ஏதும் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்காபரோத் தம்பி