முரளிக்கு 'நோ பால்' கொடுத்தது இனவெறியா? மகனுக்கு என்ன சொல்வது?

கேள்வி (மெல்பர்ன்):
என் மகனுக்கு 12 வயது, ஆஃப் ஸ்பின் போடுகிறான். போன சனிக்கிழமை ஆட்டத்தில் எல்லைக் கோட்டருகே நின்ற ஒருவர், அவன் ஓடி வரும்போதெல்லாம் "நோ பால்!" என்று கத்திக்கொண்டே இருந்தார், அதாவது முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறானாம், அது செல்லாதாம். அவன் கையில் ஒரு குறையும் இல்லை, செல்போனில் எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாலாவது ஓவர் கேட்டபோது பந்தைக் கேப்டனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். வரும் வழியில் காரில், "அப்பா, முரளிக்கும் இப்படித்தானா?" என்றான். 1995 பாக்ஸிங் டே (டிசம்பர் 26) டெஸ்டில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ பால் கூப்பிட்டது தெரியும். அது நிறம் பார்த்தா, விதி பார்த்தா? பிள்ளையிடம் பொய் சொல்ல மனமில்லை.

பதில் (கண்டி):
நிறம்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் நடுவர் ராஸ் எமர்சன் முரளியின் லெக் பிரேக்குக்கும் (மணிக்கட்டைத் திருப்பிப் போடும் பந்து) நோ பால் கொடுத்தார். லெக் பிரேக்கை எறிவது எவ்வளவு கஷ்டம் என்று பந்து பிடித்தவர்களுக்குத் தெரியும். 1999இல் அடிலெய்டில் மறுபடியும் அதே எமர்சன். இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க அதை எதிர்த்து அணியையே எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு மலையகத் தமிழனுக்காகச் சிங்களக் கேப்டன் அப்படி நின்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். அதற்கு முன்பு அவர் எங்கள் வீட்டு வாசற்படி தாண்டியதில்லை. மகனுக்கு இதையும் சொல்லுங்கள்.

பதில் (சென்னை, லீக் நடுவர்):
ஹேர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1995இல் அன்று முரளியை மறுமுனைக்கு மாற்றினார்கள், அங்கே நின்ற இன்னொரு நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்துக்குக்கூட நோ பால் கூப்பிடவில்லை. அதே கை, அதே நாள். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. 2004இல் உலகக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசி கேமரா வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான பந்து வீச்சாளர்களின் கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. அப்புறம்தான் எல்லோருக்கும் முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்ற விதி. அதுவரை கண்கள் சந்தேகப்பட்ட கையை மட்டுமே துருவின.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் பிரைஸ், வுல்ஃபர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 13 பருவங்களின் கணக்கை அலசினார்கள். நடுவர்கள் தங்கள் இனத்தவரைவிட மற்ற இன வீரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஃபவுல் கொடுத்திருந்தார்கள், வேண்டுமென்றே அல்ல. 2007இல் அது பெரிய செய்தியானது. அதற்குப் பிந்தைய ஆட்டங்களில் அந்த வித்தியாசம் காணவில்லை. அதனால் அந்த வீடியோவைக் கிளப்பில் காட்டுங்கள், சண்டைக்கு அல்ல, பார்க்க வைக்க.

கேட்டவர்:
இரண்டையும் சொன்னேன். "எல்லைக் கோடு வரை போய்த் திரும்பி வந்து என்ன செய்தார்கள்?" என்று கேட்டான். அந்த அடிலெய்டு ஆட்டத்தில் இலங்கை 303 எடுத்து ஒரு விக்கெட் மிச்சத்தில் ஜெயித்ததைச் சொன்னேன். வீடியோவைப் பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டேன். மகன் வியாழக்கிழமை வலைப்பயிற்சிக்கு வருகிறானாம்.