கத்திரி வெயிலில் முர்ரா எருமை தீனி எடுக்கவில்லை, பாலில் கொழுப்பும் இறங்குகிறது

கேள்வி (தருமபுரி)

வணக்கம். மூன்றாம் ஈற்று முர்ரா எருமை, ஈன்று 70 நாள் ஆகிறது. சித்திரைக்கு முன்பு 9 லிட்டர் கறந்தது, இப்போது 6. கொழுப்பு 7.1-லிருந்து 5.6-க்கு வந்துவிட்டது. வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சாணம் இளகி நுரை கட்டுகிறது. மதியம் 2 மணிக்கு விலாவைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 64 மூச்சு. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிகிறது. உடல் வெப்பம் 103.4. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 46 என்று வந்திருக்கிறது. தெம்புக்காக மூன்று நாளாக அரிசிக் கஞ்சி ஊற்றுகிறேன். வெல்லமும் கொடுக்கலாமா? வீட்டில் பிறந்த கன்று இது. விற்க மனம் வரவில்லை.

பதில் (எருமை வளர்ப்பவர், ஈரோடு)

தம்பி, கஞ்சியை இன்றே நிறுத்துங்கள். கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றைத் தின்ற என் எருமை ஒன்று இரண்டாம் நாளே இறந்துபோனது. இரவில் உங்கள் எருமை படுத்து அசை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். ஐம்பதை ஒட்டி இருந்தால் வயிறு சரியாக இருக்கிறது. முப்பதுக்குக் கீழே போனால் பொறுத்திருக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பதில் (கால்நடை மருத்துவர்)

ஈரோட்டுக்காரர் சொல்வது சரி. சர்க்கரை 46 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அசை போடும் விலங்குக்கு நம்மில் பாதி அளவுதான் இருக்கும். தீனி குறைந்ததால் அதுவும் சற்று இறங்கியிருக்கிறது. தின்ற மாவுப்பொருள் முதல் வயிற்றிலேயே புளித்து அமிலமாகிவிடும். அந்த அமிலத்தைக் கொண்டு கல்லீரல்தான் சர்க்கரை செய்கிறது. ஆகவே வெல்லம் ஊற்றினால் புளிப்புத்தான் ஏறும்.

எருமைக்குக் கருந்தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. அதனால் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வயிற்றுப் புளிப்பை ஆற்றுவதற்கு எச்சிலில் வர வேண்டிய உப்பும் அதுதான். மிச்சம் இருப்பதும் உங்கள் கொட்டகைத் தரையில் வடிந்துகொண்டிருக்கிறது. இரத்தம் காரமாக, வயிறு புளிப்பாக இருக்கும் நேரத்தில் கஞ்சியும் சேர்ந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். பாலில் கொழுப்பு இறங்கியதற்கு அதுவே காரணம்.

முதலில் விடியற்காலை 5 மணிக்கு வெப்பம் பாருங்கள். அப்போதும் 103 இருந்தால் இது வெயில் மட்டும் அல்ல; உண்ணிக் காய்ச்சலுக்கும், ஈக்கடியால் பரவும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பரிசோதித்தே ஆக வேண்டும். 101-க்கு இறங்கியிருந்தால் பகலில் மூன்று நான்கு முறை உடல் முழுவதும் நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். குளம் இருந்தால் இறக்கிவிடுங்கள். வைக்கோல் செரிக்கும்போது வயிற்றில் சூடு கிளம்பும். அதனால் உலர்தீவனத்தைப் பெரும்பாலும் மாலை 6 மணிக்குப் பிறகு போடுங்கள். சமையல் சோடா நாளைக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்துத் தவிட்டில் கலந்து கொடுங்கள். தாது உப்புக் கலவையை விடாதீர்கள். குடிநீர்த் தொட்டிக்கு நிழல் வேண்டும். வெந்நீரை எருமை குடிக்காது.

கேட்டவர், பத்து நாள் கழித்து

காலையில் 101.2 இருந்தது. கஞ்சியை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் சாணம் கெட்டிப்பட்டது. நேற்று இரவு எண்ணினேன், 52 மெல்லு. பால் இன்னும் 7 லிட்டரைத் தாண்டவில்லை, ஆனால் கொழுப்பு 6.5 வந்திருக்கிறது. இருவருக்கும் நன்றி ஐயா. முந்தாநாள் நல்ல கோடை மழை. அறுத்த சோளத்தட்டை துளிர்த்து நிற்கிறது. அறுத்துப் போடலாமா?

பதில் (கால்நடை மருத்துவர்)

வேண்டவே வேண்டாம். காய்ந்து கிடந்து மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு இருக்கும். இரத்தம் நல்ல சிவப்பாகவே இருக்கும், ஆனால் அதிலுள்ள பிராணவாயுவை உடலால் எடுத்துக்கொள்ள முடியாது. நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும். பூக்கும் வரை அந்தப் பக்கம் எருமையை அவிழ்த்துவிடாதீர்கள். வேலியை இன்றே அடைத்துவிடுங்கள்.