போர்ட்ஸ்மத் மலைக்கோட்டைகள்: வீண்செலவா, இல்லையா?

கணக்கர்:
இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கடற்படைத் துறைமுகம் போர்ட்ஸ்மத். அந்த ஊருக்கு வடக்கே போர்ட்ஸ்டவுன் மலைமேல் வரிசையாகச் செங்கல் கோட்டைகள். கடல் இருப்பது தெற்கே, பெரிய பீரங்கிகளோ வடக்கே வயலைப் பார்த்து! பிரெஞ்சுக்காரன் வருவான் என்று 1859-ல் கமிஷன் போட்டு, நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் ராஜினாமா மிரட்டல் விட்டும் கேட்காமல், பிரதமர் பாமர்ஸ்டன் கடன் வாங்கிக் கட்டினார். 1870-ல் அதே பிரான்ஸ் பிரஷ்யாவிடம் மண்ணைக் கவ்வியது. வரவே வராத விருந்தாளிக்குச் சமைத்த கதை.

சுங்கான்:
வடக்கே பார்த்ததைச் சொல்லிச் சிரிப்பவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை. எதிரி வேறெங்காவது கரையிறங்கி, பின்பக்கமாக மலையைப் பிடித்துவிட்டால்? அங்கிருந்து கப்பல்கட்டும் துறைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான், அப்போது வந்த புதுரகப் பீரங்கிக்கு அது பெரிய தூரமே இல்லை. 1859-ல் பிரான்ஸ் 'லா குளுவார்' என்ற இரும்புக்கவசக் கப்பலை வேறு கடலில் இறக்கியிருந்தது. பயம் வராமல் என்ன செய்யும்?

பழைய நங்கூரம்:
பயத்துக்குப் பழைய கணக்கும் உண்டு. 1338-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரையே கொளுத்தினார்கள். 1545-ல் மறுபடி வந்தபோது (மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் மூழ்கியது அந்தச் சண்டையில்தான்) அவர்கள் ஆள் இறக்கியது ஊர் வாசலில் இல்லை, எதிரே உள்ள வைட் தீவில். சுங்கான் சொல்லும் பின்வாசல் கவலை வெறும் கற்பனை இல்லை.

கணக்கர்:
திசையை விடுங்கள், நான் கேட்பது காசு. லா குளுவாருக்குப் பதில் 1860-லேயே பிரிட்டனின் இரும்புக்கவசக் கப்பல் 'வாரியர்' வந்துவிட்டதே. பிரிட்டிஷ் கடற்படை தோற்று, இரண்டு நாட்டுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாய்க் கடல் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனால், மலைமேல் கோட்டை இருந்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பணத்துக்கு இன்னும் கப்பல் கட்டியிருக்கலாம்.

சுங்கான்:
பிரிட்டிஷ் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் நிற்கும் நேரத்தில் அவன் வந்தால்? நீராவி வந்தபின் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எதிர்க்கரையில் உள்ள பிரெஞ்சுத் துறைமுகம் ஷெர்பூரிலிருந்து ஒரே ராத்திரியில் வந்துவிடலாம். துறை எரிந்துபோனால் உங்கள் கூடுதல் கப்பலை எங்கே பழுதுபார்ப்பீர்கள்?

பழைய நங்கூரம்:
ஒன்றை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். வெளிக்கோட்டைகள் வந்ததால்தான் 1870-களில் ஊரைச் சுற்றியிருந்த பழைய மதிலை இடிக்க முடிந்தது. நெருக்கியடித்துக் கிடந்த ஊருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கணக்கர்:
மதிலை இடிக்க இத்தனை கோட்டையா? கடப்பாரை போதுமே, ஐயா.