லாங்கோலன் பெண்கள்: நாவலில் காதலர்களாக எழுதலாமா?

வைகைக்கரை: ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கிட்டிருக்கேன். 1778ல அயர்லாந்தை விட்டு ஓடிப்போய், வேல்ஸ்ல லாங்கோலன் ஊர்ல குடியேறின எலினார் பட்லர், சாரா பொன்சன்பி கதை. எலினாரைக் கன்னிமாடத்துல தள்ளப் பார்த்தாங்க. சாராவுக்கு, அடைக்கலம் கொடுத்த வீட்டுப் பெரியவராலேயே தொல்லை. முதல் தடவை ஆண் வேஷத்துல, துப்பாக்கியோட கிளம்பி மாட்டிக்கிட்டாங்க! அப்புறம் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஒரே வீடு, ஒரே கட்டில். காதலர்களாத்தான் எழுதப்போறேன். ஆட்சேபம் உண்டா?

கல்வெட்டுக்காரன்: உண்டு. 1790ல ஒரு பத்திரிகை அவங்களைப் பத்தி ஜாடைமாடையா எழுதினப்ப, வழக்குப் போடலாமான்னு அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கிட்ட யோசனை கேட்டாங்க. கொதிச்சுப்போனவங்களுக்கு இப்ப நாம பட்டம் கட்டறது நியாயமா? அந்தக் காலத்துல சிநேகிதிங்க உருகி உருகி எழுதறது சகஜம்.

நடுநிசி: கொதிச்சது பொய்ங்கறதாலயா, பயத்துலயா? சொந்தக்காரங்க அனுப்பற பணத்தை நம்பி வாழ்ந்தவங்க. ஊர் வாய் திறந்தா அடுப்பு எரியாது. 1822ல அங்க போன ஆன் லிஸ்டர்ங்கற பெண், தானும் பெண்களைக் காதலிச்சவர், இது வெறும் நட்பா இருக்காதுன்னுதான் டைரியில எழுதினார்.

கல்வெட்டுக்காரன்: அது லிஸ்டரோட ஊகம். எலினார் உடம்பு முடியாம இருந்ததால அன்னிக்கு சாராவை மட்டும்தான் பார்த்தார்.

நடுநிசி: ராஜா ராணி கதைக்கு யாரும் படுக்கையறைச் சாட்சி கேட்கறதில்லையே அண்ணே. பெண்கள் மேல காதல் கவிதை எழுதின பழைய கிரேக்கக் கவிஞர் சாஃபோ பேரை நாய்க்கு வெச்சவங்க ஒண்ணும் தெரியாதவங்களா?

அடுப்படி: கட்டிலையே சுத்தி வர்றீங்க ரெண்டு பேரும். மூணாவது ஆள் மேரி கேரில் எங்கே? சாரா இருந்த வீட்டு வேலைக்காரம்மா. இவங்களுக்காக வேல்ஸ் வந்து 1809ல சாகற வரைக்கும் கூடவே இருந்தாங்க. சேமிப்புல வாங்கின நிலத்தைச் சாராவுக்கே எழுதிவெச்சாங்க. மூணு பேருக்கும் ஒரே கல்லறை, மூணு பக்கம் இருக்கிற கல்.

வைகைக்கரை: நாவலோட உயிரே அவங்கதான். ரத்த உறவு கைவிட்டப்ப தாங்களே கூட்டிக்கிட்ட குடும்பம்.

அடுப்படி: அங்கதான் இடிக்குது. அந்தக் குடும்பத்துல எலினார் டைரி எழுதறாங்க, சாரா படம் வரையறாங்க, மேரி சமைக்கறாங்க. "எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி"ன்னு முதலாளியம்மாக்கள் சொல்றது நமக்குப் புதுசா?

வைகைக்கரை: பழைய வேலையில சக ஆள் மேல மெழுகுவத்தித் தண்டை வீசி வேலையை இழந்தவங்கன்னு சொல்வாங்க. பிடிக்காத இடத்துல முப்பது வருஷம் அடங்கி இருக்கிற ஆளா அது?

அடுப்படி: வேற போக்கிடம் இல்லேன்னா யாரும் இருப்பாங்க.

வைகைக்கரை: நிலம் வாங்கற அளவுக்குக் காசு இருந்ததே. போயிருக்கலாம்.

அடுப்படி: அப்போ அந்தக் காசை எப்படிச் சேர்த்தாங்கன்னு ஒரு அத்தியாயம் எழுதுங்க. சம்பளம் ஒழுங்கா வந்துச்சான்னும் சேர்த்து.

கல்வெட்டுக்காரன்: அந்த அத்தியாயம் வந்தா முதல் ஆளா படிப்பேன். கட்டில் விஷயத்துல என் கருத்து மாறல.