பெண்மானைச் சுட்டால்தான் தொகை குறையுமா?

கேள்வி (வெள்ளவத்தை):
பென்சில்வேனியாவில் இருக்கும் என் அத்தானுக்குக் காட்டுக் காணி ஒன்று உண்டு. மான் பெருகிவிட்டது, இம்முறை பெண்மான்களையே சுடப்போகிறேன் என்கிறார். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. குட்டி ஈனும் உயிரை ஏன் கொல்ல வேண்டும்? ஆண்மான்களைக் குறைத்தால் போதாதா?

பதில் (தெகிவளை):
போதாது, தங்கச்சி. அந்த மாநிலத்தில்தான் நான் வனவியல் படித்தேன். வெண்வால் மானில் ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆண்களில் பாதியைச் சுட்டாலும் மிஞ்சியவையே எல்லாப் பெண்மான்களையும் சினையாக்கிவிடும். மேய்ச்சல் நன்றாக இருந்தால் வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும்.

ஒருகாலத்தில் அங்கே மான் அருகிப்போயிருந்தது. 1907இல் பெண்மானைச் சுடத் தடை வந்தது. அன்றைக்கு அது தேவையான தடை. ஓநாயும் இல்லாத காட்டில் மான் பெருகிய பின்னும் வேட்டைக்காரர் பலர் பெண்மானைத் தொட மறுத்தார்கள். விளைவை நானே பார்த்திருக்கிறேன்: மானின் வாய் எட்டும் உயரம்வரை இலை இல்லை, ஓக் கன்று ஒன்றுகூடத் தலைதூக்கவில்லை, மான் தின்னாத பன்னம் மட்டும் மண்டிக்கிடந்தது. அப்படிப்பட்ட காட்டில் கடுங்குளிர் வந்தால் குட்டிகள்தான் முதலில் பட்டினியால் சாகும். அதைவிடத் துப்பாக்கி இரக்கமானது என்பது என் உறுதியான எண்ணம்.

அத்தானிடம் ஒன்று சொல்லுங்கள். தனியே வரும் கொம்பில்லா மானைச் சுட அவசரப்பட வேண்டாம். பல நேரம் அது அவ்வாண்டு பிறந்த ஆண்குட்டி. அதன் முகம் கட்டை, காதுகளுக்கு நடுவே உச்சி தட்டை. வளர்ந்த பெண்மானின் முகம் நீண்டிருக்கும், உச்சி வளைந்திருக்கும். கூட்டமாக வரும்போது ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். பருவத் தொடக்கத்திலேயே சுடுவது நல்லது; மற்ற மான்களுக்குக் குளிர்காலத் தீனி மிஞ்சும். கொம்பில்லா மானுக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதில் (கொட்டாஞ்சேனை):
நான் திருகோணமலைக்காரன். இதை வாசித்துவிட்டு எங்கள் கோட்டைப் புள்ளிமான்கள் மீதும் யாராவது கைவைக்கப் போகிறார்கள்.

பதில் (தெகிவளை):
கைவைக்கவே கூடாது, அண்ணா. இங்கே மான் வேட்டை சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமான் பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும், நம் காடுகளில் சிறுத்தையும் உண்டு. அந்த நாட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது. கோட்டை மான்கள் தின்னும் பொலித்தீனை முதலில் நிறுத்துவோம்.

கேள்வி (வெள்ளவத்தை):
அம்மா கேட்கிறார்: தாய் போனால் பால்குடிக் குட்டி என்னாகும்?

பதில் (தெகிவளை):
குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் பிறக்கின்றன. வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில்தான். அதற்குள் அவை பால் மறந்து, தாமே மேயத் தொடங்கியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.